தனிநாயக அடிகளாரின் கல்விப் பணி: மலாயாப் பல்கலைக்கழகத்தில் எட்டாண்டுகள் (1961–1969)

முன்னுரை

இலக்கியப் பேராசிரியர் ஒருவரின் பணியை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் அவர் எழுதிய நூல்களை எண்ணுவர். அவரிடம் பயின்ற மாணாக்கரை எண்ணுவர். அவர் பெற்ற பட்டங்களையும் பரிசில்களையும் வரிசைப்படுத்துவர். இம்மூன்றும் வேண்டற்பாலனவே. எனினும், பிறர் ஆய்வு செய்வதற்கான கருவிகளை ஆக்கித் தருவதிலேயே தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்ட பேராசிரியர் ஒருவரை இவ்வளவுகோல்கள் முழுமையாக அளந்துவிடா. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் 1961 முதல் 1969 வரை பணியாற்றிய சேவியர் தனிநாயக அடிகளார் அத்தகையோருள் ஒருவர்.

அடிகளாரைப் பற்றிய கட்டுரைகள் தமிழில் பலவாக வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அவரைத் 'தமிழ்த் தூதர்' என்று போற்றி, அவர் சென்ற நாடுகளையும் கூட்டிய மாநாடுகளையும் விரித்துரைக்கின்றன. பாராட்டு மிகுந்த அவ்வெழுத்துகளில் பல்கலைக்கழக ஆசிரியர் என்ற நிலையில் அவர் செய்தது யாது என்ற வினா ஓரளவு பின்தங்கிவிட்டது. அவ்வினாவை முன்னிறுத்தி, அவருடைய கல்விப் பயணத்தின் படிநிலைகளையும், அது கோலாலம்பூரில் எய்திய நிறைவையும், அதன் எல்லைகளையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறை பிறந்த சூழல்

அடிகளார் ஏற்றுக்கொண்ட துறை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நிறுவப்பெற்றது. அங்கு இந்திய ஆய்வுகளுக்கென ஒரு துறை அமைய வேண்டும் என்ற கருத்து எழுந்தபோது, அத்துறையில் எம்மொழிக்கு முதன்மை தருவது என்ற சிக்கலும் உடன் எழுந்தது. வரலாற்றறிஞர் க. அ. நீலகண்ட சாத்திரியார் வழங்கிய பரிந்துரை வடமொழிக்கு முதலிடம் தருவதாக அமைந்தது. இந்நாட்டிற்குக் குடிபெயர்ந்த இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழர் என்பதால், தமிழே முதன்மை பெற வேண்டும் என்ற குரல் வலுவாக ஒலித்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அக்குரலுக்குத் தலைமை தாங்கினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் அவர் தொடங்கிய நிதித் திட்டத்திற்குத் தோட்டப் பாட்டாளிகளும் நகரத் தொழிலாளர்களும் தம்மால் இயன்ற சிறு தொகைகளை வழங்கினர். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் செழிப்பதற்கு அந்நிதி துணைநின்றது. 1956இல் துறை தொடங்கப்பெற்றது. பின்னர் அது கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. உலகின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் கீழைத்தேயத் துறைகள் அரசர்களாலும் சமயச் சபைகளாலும் செல்வர்களாலும் உருவாயின. மலாயாவில் தமிழ் பெற்ற இடத்திற்கு, எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாத பலரும் பொருள் தந்தனர். ஆகவே, இத்துறைக்கு வரும் பேராசிரியரிடம் இருவகை எதிர்பார்ப்புகள் இருந்தன. தங்கள் மொழியும் தங்கள் வாழ்வும் மதிப்புப் பெற வேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்தது. ஏனைய துறைகளுக்கு நிகரான ஆய்வுத் தரத்தைப் பல்கலைக்கழகம் எதிர்பார்த்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவுசெய்வது எளிதன்று. அடிகளாரின் எட்டாண்டுகளை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடுதல் வேண்டும்.

தமிழை நோக்கிய நெடும்பயணம்

அடிகளார் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ் என்பது அவருடைய இளமைப் பெயர். தம் முன்னோருள் ஒருவர் தாங்கிய தனிநாயகம் என்ற பெயரை அவர் பின்னரே ஏற்றுக்கொண்டார். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றபின் கொழும்பில் குருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1934இல் உரோமை நகர் சென்று, 1938இல் குருவாகத் திருநிலை பெற்று, 1939இல் இறையியல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேடு, வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜ் நகரில் மூன்றாம் நூற்றாண்டில் ஆயராக விளங்கிய புனித சிப்பிரியன் காலத்துக் குருக்களைப் பற்றியதாகும்.

இருபத்தாறு வயதில் அவர் பெற்றிருந்த முறையான உயர்கல்வி இலத்தீன், இறையியல், திருச்சபை வரலாறு ஆகியவற்றைச் சார்ந்ததாகவே இருந்தது. தமிழ் அவருக்குத் தாய்மொழி. ஆயினும் தமிழிலக்கியத்தை அவர் முறையாகக் கற்றவர் அல்லர். உரோமையில் தமிழ் மாணவர்களுடன் சேர்ந்து வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் அமைத்தார் என்பது, அயல்மண்ணில் அவருள் முளைவிட்ட ஆர்வத்தைப் புலப்படுத்துகிறது.

1940இல் அவர் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திலுள்ள புனித தெரேசா உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். அங்குத் தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணாக்கராக அமர்ந்து இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் முப்பதை நெருங்கும் வயதில் எழுத்ததிகாரத்திலிருந்து தொடங்குவதற்குத் துணிவு வேண்டும். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். அங்குப் பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் வழிகாட்டல் அவருக்கு வாய்த்தது. முதுகலையைத் தொடர்ந்து, சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடம் பற்றி ஆய்ந்து இலக்கிய முதுவர் பட்டமும் பெற்றார். நூலாக வெளிவந்த அவ்வாய்வு, பின்னர் 1966இல் 'லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' என்ற ஆங்கிலத் தலைப்பில் விரிந்த பதிப்பாக வந்தது.

அந்நூலின் அணுகுமுறை இங்குக் கருதத்தக்கது. குறிஞ்சி முதலிய ஐந்திணைப் பகுப்பை மரபுவழிப் புலவர்கள் பொருளிலக்கணத்தின் ஒரு கூறாகவே கற்பித்து வந்தனர். கிரேக்கக் கவிதையையும் இலத்தீன் கவிதையையும் மூலமொழியில் கற்றிருந்த அடிகளார், நிலத்தையும் பொழுதையும் மாந்தரின் உணர்வோடு இத்துணை ஒழுங்காகப் பிணைத்த கவிதை மரபு பிறமொழிகளில் உண்டா என்று வினவினார். சங்கப் பாடல்களுக்கு உரை கூறுவதினும் அவற்றை உலகக் கவிதையின் நடுவே நிறுத்திக் காண்பதே அவருடைய முதன்மை நோக்கமாக இருந்தது. தமிழுக்குத் தாமதமாக வந்தவர் என்பதனாலேயே, உள்ளிருந்து பழகியோர் இயல்பென்று கடந்துசென்றவற்றை அவர் வியப்போடு நோக்கினார் எனலாம்.

கல்வியியல் விரிவுரையாளரும் நூலகத் தேடலும்

தமிழில் ஆய்வுப் பட்டம் பெற்ற அடிகளார் 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அவர் சேர்ந்தது கல்வியியல் துறையில் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் அவர் அத்துறையிலேயே பணியாற்றினார். 1955 முதல் 1957 வரை இலண்டனில் தங்கி, பண்டைத் தமிழிலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனைகள் பற்றி ஆய்ந்து இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். பாணரும் புலவரும் அரசவையில் பரிசில் பெற்றவராக மட்டுமே நோக்கப்பட்ட நிலையில், தம் காலச் சமூகத்திற்குக் கல்வி புகட்டியவராகவும் அவர்களைக் காண்பது அவருடைய ஆய்வின் சாரமாகும். துறை வேறாயினும் அவர் நின்ற நிலம் தமிழிலக்கியமே.

1952ஆம் ஆண்டிற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழை அடிகளார் அவ்வாண்டில் தொடங்கினார். 1966 வரை வெளிவந்த அவ்விதழ், தமிழ் அறியாத ஆய்வாளரும் தமிழியலைப் பின்தொடர வழிசெய்தது. தமிழறிஞரின் கட்டுரைகளும் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளரின் கட்டுரைகளும் அதன் பக்கங்களில் அருகருகே இடம்பெற்றன. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய 1956இல், இலங்கைத் தமிழரின் மொழியுரிமை பற்றியும் அடிகளார் அவ்விதழில் எழுதினார். ஆய்விதழ் நடத்துவோர் தம் காலத்தின் வினாக்களிலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு.

இக்காலப் பகுதியில் அவர் மேற்கொண்ட நூலகத் தேடல் தமிழ் அச்சு வரலாற்றிற்குப் பெருந்துணையாயிற்று. லிஸ்பனில் 1554இல் அச்சான 'கார்த்தில்யா' என்னும் சிறுநூல், தமிழை உரோம எழுத்தில் போர்த்துக்கீசியத்துடன் தருவது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்', 1586இல் புன்னைக்காயலில் அச்சான 'அடியார் வரலாறு' ஆகியவை என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் உழைப்பில் வந்தவை. ஐரோப்பிய நூலகங்களில் உள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றி 1954இலும், தமிழில் அச்சான முதல் நூல்களைப் பற்றி 1958இலும் தனிநாயக அடிகளார் தம் இதழில் கட்டுரைகள் வெளியிட்டார்.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் கூறுவது நம் கடமையாகும். இந்நூல்கள் அனைத்தையும் அடிகளாரே முதன்முதலாகக் 'கண்டுபிடித்தார்' என்று மேடைகளில் கூறப்படுவதுண்டு. 'தம்பிரான் வணக்கம்' ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தை அடைந்த செய்தியும் அதன் அச்சு வரலாறும், கெயார்க் ஷூர்ஹாமர் என்னும் சேசுசபை வரலாற்றறிஞரும் காட்ரல் என்பவரும் இணைந்து எழுதிய கட்டுரையின் வழி 1952இலேயே ஆய்வுலகிற்குத் தெரிந்திருந்தன. அடிகளாரின் பங்களிப்பு வேறு வகையினது. திருச்சபை வரலாற்றறிஞரும் அரிய நூல் சேகரிப்போரும் மட்டுமே அறிந்திருந்த செய்திகளை அவர் தமிழிலக்கிய வரலாற்றின் செய்திகளாக மாற்றினார். நூல்களை நேரிற்கண்டு, அவற்றின் மொழியை ஆராய்ந்து, பதினாறாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடைக்குச் சான்றுகளாக அவற்றை எடுத்துரைத்தார். மிகைக் கூற்றை நீக்கிய பின்னரும் அவர் பங்களிப்பு சிறிதும் குறைவதில்லை.

கோலாலம்பூரில் பேராசிரியர்

1961இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் நிகழ்த்திய பேராசிரியப் பதவியேற்புச் சொற்பொழிவின் பொருள் 'இந்தியச் சிந்தனையும் உரோமைய ஸ்டோயிக் கோட்பாடும்' என்பதாகும். உரோமையில் கற்ற இலத்தீனும் அண்ணாமலையில் கற்ற தமிழும் ஒரே உரையில் இணைந்தன. துறையின் திசையை அவர் எவ்வாறு கருதினார் என்பதற்கு அத்தலைப்பே சான்று. பல்லினத்தார் பயிலும் பல்கலைக்கழகத்தில் தமிழ், தமிழரின் உடைமையாக மட்டும் நில்லாமல், மாந்தச் சிந்தனையின் ஒரு பகுதியாக எவரும் கற்கத்தக்கதாக விளங்க வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆயின், அவ்வாறு கற்க விரும்பும் ஒருவருக்கு 1961இல் கிடைத்த கருவிகள் யாவை? தமிழியல் பற்றி ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்டவை பல நாட்டு நூலகங்களில் சிதறிக் கிடந்தன. எந்நூல் எங்கு வெளிவந்தது என்று காட்டும் முறையான வழிகாட்டி கைக்கு எட்டுவதாக இல்லை. வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே உழைத்தோர் ஒருவர் பணியை மற்றவர் அறியாதிருந்தனர். இக்குறைகளைப் போக்குவதையே அடிகளார் தம் துறையின் முதற்பணியாகக் கொண்டார் என்று துறை வெளியீடுகளின் வரிசையைக் கொண்டு நாம் துணியலாம்.

1966ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டிப் பட்டியல் ஒன்றை அடிகளார் தொகுத்தார். மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை அவ்வாண்டில் வெளியிட்டது. போர்த்துக்கீசியரான அந்தாம் தெ புரோயென்சா அடிகளார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியின் மறுபதிப்பும் அவ்வாண்டிலேயே கோலாலம்பூரிலிருந்து வந்தது. புரோயென்சா 1666இல் மறைந்தார். அவர் மறைவுக்குப்பின் 1679இல் மலையாளக் கரையின் அம்பலக்காட்டில் அவ்வகராதி அச்சாயிற்று. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியை அடிகளார் பதிப்புக்குரியதாக்கினார். பதினேழாம் நூற்றாண்டில் மக்கள் வழங்கிய சொற்களையும் அவற்றின் பொருளையும் அறிய விழைவோர்க்கு அந்நூல் ஓர் அரிய சான்று. மூன்று நூற்றாண்டுகளாகச் சிலர் கண்ணில் மட்டுமே பட்ட சான்று, அம்மறுபதிப்பால் எந்நாட்டு நூலகத்திலும் இடம்பெறத்தக்கதாயிற்று.

அதே ஆண்டில் துறை ஆசிரியர் ச. சிங்காரவேலு சங்ககாலத் தமிழரின் சமூக வாழ்வு பற்றி எழுதிய ஆங்கில நூலைத் துறை வெளியிட்டது. கீழ்ப் பேராவில் வழங்கும் தமிழ்க் கிளைமொழிகளின் சொற்களைப் பற்றி இராம சுப்பையா எழுதிய ஆய்வும் 1966இல் வெளிவந்தது. ஒரு சிறிய துறை, ஓராண்டில் ஒரு நூற்பட்டியலையும் ஒரு பழைய அகராதியையும் ஓர் இலக்கியச் சமூகவியல் நூலையும் ஒரு கிளைமொழி ஆய்வையும் வெளியிட்டது என்பது எக்காலத்துக்கும் பெருமை தருவதாகும்.

தில்லியிலிருந்து கோலாலம்பூருக்கு

நூல்கள் ஒருபுறம் இருக்க, ஆய்வாளர்களை ஒன்றுகூட்டும் அமைப்பும் தேவை என்பதை அடிகளார் உணர்ந்திருந்தார். 1964 ஜனவரியில் கீழ்த்திசையியலாளரின் 26ஆவது அனைத்துலக மாநாடு புதுதில்லியில் நடைபெற்றது. அதற்கு வந்திருந்த திராவிடவியல் அறிஞரை அடிகளாரும் வ. அய். சுப்பிரமணியமும் தனிக் கூட்டத்திற்கு அழைத்தனர். ஜனவரி 7ஆம் நாள் நடந்த அக்கூட்டத்தில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரான்சின் ஜான் ஃபிலியோசா தலைவரானார். தாமஸ் பரோ, எமனோ, கைப்பர் ஆகியோருடன் தமிழ்நாட்டு அறிஞரும் துணைத்தலைவர்களாயினர். தனிநாயக அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர் பொறுப்பை ஏற்றனர். அடிகளார் தலைமைப் பதவியை நாடாமல் செயலாளராக இருந்தது அவருடைய இயல்போடு ஒத்ததே. கடிதம் எழுதுதல், நிதி திரட்டுதல், கட்டுரை பெறுதல், அச்சுப்படி திருத்துதல் ஆகிய சுமைகள் செயலாளருக்கு உரியவை அல்லவா?

மன்றத்தின் முதல் மாநாட்டுக் கருத்தரங்கு 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். முதல் மாநாடு சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ நிகழாமல் இங்கு நிகழ்ந்தது ஏன் என்று நாம் எண்ணிப் பார்த்தல் தகும். செயலாளர் இங்குப் பணியாற்றினார் என்பது வெளிப்படையான காரணம். அதனினும் ஆழ்ந்த காரணம் அக்காலச் சூழலில் உண்டு என்று கருதுகிறோம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் வெம்மை 1965இல் தமிழகமெங்கும் பரவியிருந்தது. இலங்கையிலோ மொழிச் சிக்கல் நாளுக்கு நாள் முற்றிவந்தது. அவ்விரு நாடுகளிலும் தமிழ் மாநாடு என்றாலே அரசியல் நிகழ்ச்சியாகக் கருதப்படும் நிலை இருந்தது. மலேசியாவில் தமிழ் சிறுபான்மையோர் மொழி. அம்மொழிக்குக் கூட்டப்பட்ட ஆய்வரங்கை மலாய்த் தலைவர் ஒருவர் தொடங்கி வைக்க, பல நாட்டவரும் ஆய்வுரை வழங்கினர். தமிழாய்வு ஆய்வாகவே நோக்கப்படுவதற்கு ஏற்ற இடத்தை இந்நாடு அவ்வேளையில் அளித்தது.

மாநாட்டின் கட்டுரைத் தொகுதிகள் 1968இலும் 1969இலும் இரு பகுதிகளாக வெளிவந்தன. மாநாடு முடிந்தவுடன் மறந்துபோகும் வழக்கத்திற்கு இடந்தராமல், படிக்கப்பட்டவை பதிவாக வேண்டும் என்பதில் அடிகளார் உறுதியாக இருந்தார். பிறநாடுகளில் தமிழியல் நிலையை விளக்கும் கட்டுரைத் தொகுப்பு ஒன்றையும் 1968இல் வெளியிட்டார். மன்றத்தின் ஆய்விதழ் 1969இல் அவர் பொறுப்பில் தொடங்கியது. இதற்கிடையில் 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் மாநாடு நடைபெற்றது. அதன் பொதுமக்கள் பெருக்கமும் ஊர்வலச் சிறப்பும் தமிழுலகில் இன்றும் பேசப்படுவன. கோலாலம்பூர் மாநாட்டின் அடக்கமான ஆய்வுப் போக்கும் சென்னை மாநாட்டின் விழாக்கோலமும் பின்வந்த மாநாடுகளில் மாறிமாறித் தலைதூக்கின. அவ்விரண்டிற்கும் இடையே உள்ள இழுபறி இன்னும் தீரவில்லை.

பணியின் எல்லை

அடிகளாரின் பணியைப் போற்றும் நாம் அதன் எல்லையையும் சுட்ட வேண்டியவர்களாக உள்ளோம். அவருடைய பார்வை பெரும்பாலும் சங்க காலத்தின்மீதும் திருக்குறளின்மீதும் பதிந்திருந்தது. 1970இல் அவர் பதிப்பித்த தமிழ்ப் பண்பாட்டு வாசகமும், 1972இல் வெளிவந்த தமிழர் மாந்தநேயம் பற்றிய நூலும் செவ்வியல் காலத்தையே பொருளாகக் கொண்டவை. அவர் பணியாற்றிய ஆண்டுகளில் இந்நாட்டில் தமிழ்ச் சிறுகதையும் நாவலும் கவிதையும் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில் வளர்ந்துகொண்டிருந்தன. பால்மரக் காட்டின் வாழ்வை அங்கேயே பிறந்து வளர்ந்த எழுத்தாளர்கள் எழுதத் தொடங்கியிருந்தனர். அவ்வெழுத்து அடிகளாரின் ஆய்வு நூல்களில் இடம்பெறவில்லை.

இதற்குக் காரணம் கூற முடியும். உலக அரங்கில் தமிழுக்கு இடம் வேண்டியவர், கிரேக்கத்தோடும் இலத்தீனோடும் ஒப்பிடத்தக்க தொன்மை இலக்கியத்தை முன்வைத்தது இயல்பே. மேலும், புலம்பெயர்ந்த தமிழரை அவர் மறந்தவரும் அல்லர். மார்த்தினிக் போன்ற பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்று மொழியிழந்த தமிழரைப் பற்றி அவர் எழுதியுள்ளார். தென்கிழக்காசியாவில் தமிழ்ப் பண்பாட்டின் தாக்கம் பற்றி 1955இலேயே கட்டுரை வரைந்துள்ளார். எனினும், காரணம் கூறுவதால் விடுபாடு நிறைந்துவிடாது. துறைக்கு வித்திட்ட நிதிக்குத் தம் கூலியிலிருந்து பொருள் தந்தோரின் கதையும் பாட்டும் பேச்சும் அத்துறையின் ஆய்வுப் பொருளாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையே ஆகும்.

இவ்விடத்தில்தான் இராம சுப்பையாவின் பணி தனிக்கவனத்திற்கு உரியதாகிறது. 1966இல் அவருடைய கீழ்ப் பேராக் கிளைமொழி ஆய்வு வெளிவந்ததை மேலே குறிப்பிட்டோம். 1969இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் அவர் தொகுத்த பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. இன்றும் மலேசியத் தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் அப்பட்டியலைத் தொடாமல் செல்ல இயலாது. அடிகளார் உலகத் தமிழியலுக்கு நூற்பட்டியல் செய்த அதே முறை, மூன்றாண்டுகளில் இம்மண்ணின் எழுத்துக்கும் பயன்பட்டது. அவர் தாம் செய்யாததைச் செய்யும் வழியைத் தம் துறையில் திறந்து வைத்திருந்தார் என்று கொள்வதே நடுவுநிலையான முடிவாக இருக்கும்.

இறுதிக் காலம்

1969இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். பாரிசு, நேப்பிள்சு ஆகிய நகரங்களில் சிறிது காலம் வருகைப் பேராசிரியராக இருந்தபின் யாழ்ப்பாணம் திரும்பினார். மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசில் நடைபெற்றது. நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் கூடியது. நிறைவு நாளான ஜனவரி 10 அன்று காவல் துறையினரின் நடவடிக்கையால் கூட்டம் கலைந்து உயிர்கள் பறிபோயின. எந்த ஆய்வை அரசியல் வெம்மையினின்றும் காக்க அடிகளார் முயன்றாரோ, அந்த ஆய்வின் மாநாடே அவர் பிறந்த மண்ணில் துயரத்தில் முடிந்தது.

1980இல் யாழ்ப்பாணத்தில் தந்தை செல்வநாயகம் நினைவுப் பேருரையை அவர் நிகழ்த்தினார். தமிழாராய்ச்சி கடந்து வந்த வழியும் செல்ல வேண்டிய வழியும் அவ்வுரையின் பொருளாயிற்று. தம் வாழ்நாளின் கணக்கை ஒப்படைப்பது போல அமைந்த அவ்வுரைக்குச் சில திங்களின் பின், 1980 செப்டம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார். மறு ஆண்டு ஜனவரியில் ஐந்தாம் மாநாடு மதுரையில் கூடியபோது அதனைக் காண அவர் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. தனிநாயக அடிகளார் இறையியலில் தொடங்கி, இலக்கியம் கற்று, கல்வியியல் கற்பித்து, இறுதியில் இந்திய ஆய்வியல் துறையின் பேராசிரியரானவர். நேர்க்கோட்டில் அமையாத அப்பயணமே ஒப்பியல் நோக்கை அவருக்கு அளித்தது. மலாயாவில் கழித்த எட்டாண்டுகளில் நூற்பட்டியல், அகராதி, மாநாடு, கட்டுரைத் தொகுதி, ஆய்விதழ் ஆகியவற்றை அவர் ஆக்கித் தந்தார். இவை அவர் பெயரைக் காட்டிலும் பிறர் ஆய்வுகளில் மிகுதியாக வாழ்கின்றன. கருவி செய்வோருக்குக் கிடைக்கும் புகழ் அத்தகையதே.

கோலாலம்பூர் 1966க்குப்பின் 1987இலும் 2015இலும் 2023இலும் தமிழாராய்ச்சி மாநாடுகளைக் கண்டது. மாநாடு கூட்டும் ஆற்றல் நம்மிடம் குன்றவில்லை. மாநாடுகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் நடைபெற வேண்டிய பணி எந்நிலையில் உள்ளது என்பதே நாம் நம்மை வினவிக்கொள்ள வேண்டுவது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், அங்கு வழங்கிய சொற்கள் முதியோருடனேயே மறைந்துவருகின்றன. பழைய இதழ்களின் தாள்கள் பொடியாகிக்கொண்டிருக்கின்றன. அம்பலக்காட்டில் அச்சான அகராதியைத் தேடி வத்திக்கான் வரை சென்றவர் இருந்த துறைக்கு, பேரா மாநிலத்துத் தோட்டமொன்றின் சொற்களைத் தேடிச் செல்லும் தொலைவு பெரிதன்று.

அடிகளாருக்கு நாம் எடுக்கும் சிறந்த நினைவு விழா அப்பணியாகவே இருத்தல் வேண்டும். 1950களில் தம் கூலியில் ஒரு பகுதியை நூலகத்திற்கென எடுத்து வைத்த தொழிலாளியின் பேச்சும் அவர் மக்கள் எழுதிய எழுத்தும் அந்நூலகத்தின் அடுக்குகளில் முறையாக இடம்பெறும் நாளில்தான், அவர் தந்த பொருளுக்கும் அடிகளார் தந்த முறைக்கும் நாம் உரிய கைம்மாறு செய்தவர்களாவோம்.